புறாவை நம்பாவிட்டால் பொலிகார்ப்பையும் விட்டுவிட வேண்டுமா?

இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகர ஆயராக இருந்து மறைசாட்சியாகக் கொல்லப்பட்ட புனித பொலிகார்ப்பின் நினைவு நாளன்று கேட்ட மறையுரையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவரைத் தீ தீண்டவில்லை, கத்தியால் குத்தியபோது உடலிலிருந்து ஒரு புறா வெளியே வந்தது என்று அதில் சொன்னார்களாம். நீங்கள் எடுக்கும் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் "இது நிஜமாவே நடந்துச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். அவர் திருத்தூதர் யோவானின் சீடர் என்பதும், 86 வயதில் இறந்தார் என்பதும் உறுதிதானா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கவலை தெரிகிறது. புறாவைக் கதை என்று ஒதுக்கினால் அடுத்துத் தீயை ஒதுக்க வேண்டும், பிறகு விசாரணையை, கடைசியில் அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதையே விட்டுவிட வேண்டி வருமோ? வராது. ஏன் வராது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குருமாணவர்களுக்குத் தொடக்கத் திருச்சபை வரலாறும் கிரேக்கமும் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். பொலிகார்ப்பைப் பற்றிய மூல நூல்களை வகுப்பில் வரிவரியாக வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டிருக்கிறோம்.

முதலில் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆயர்-புனிதர்கள் பலருக்கு நம்மிடம் இருப்பது, அவர்கள் இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு யாரோ எழுதிய வரலாறு மட்டுமே. மீரா நகர் நிக்கோலாஸ் அப்படி. தொண்டை நோய்க்கு நாம் வேண்டிக்கொள்ளும் செபஸ்தே நகர் பிளாசியுஸ் இன்னும் அதிகமாக அப்படி. பொலிகார்ப்பின் நிலை வேறு. அவரைச் சந்தித்த ஒருவர் அவருக்கே எழுதிய கடிதம் இருக்கிறது. அவரே எழுதிய கடிதம் இருக்கிறது. சிறுவனாக அவர் எதிரே உட்கார்ந்து கேட்ட ஒருவரின் நினைவுக் குறிப்பு இருக்கிறது. அவர் இறந்த பிறகு அவருடைய சொந்தச் சபை இன்னொரு சபைக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வாழ்ந்த ஓர் ஆயருக்கு இவ்வளவு கிடைப்பது மிக அரிது. இந்த நான்கில் புறா வருவது கடைசி ஒன்றில் மட்டும்தான், அதிலும் எல்லாப் பிரதிகளிலும் இல்லை.

காலவரிசையில் முதலாவது அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியாரின் கடிதம். பேரரசர் டிராஜன் காலத்தில் என்று நான்காம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் சொல்கிறார், அதாவது 98-க்கும் 117-க்கும் இடையில். இஞ்ஞாசியாரைக் கைது செய்து, காட்டு விலங்குகளுக்கு இரையாக்க ரோமுக்குக் கொண்டுபோகிறார்கள். வழியில் சிமிர்னாவில் தங்குகிறார். இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் துறைமுக நகரம் அது. அங்கிருந்து கிளம்பித் துரோவா போய்ச் சேர்ந்ததும், சிமிர்னா சபைக்கு ஒரு கடிதமும் அதன் ஆயர் பொலிகார்ப்புக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதுகிறார். மூத்தவர் இளையவருக்குச் சொல்லும் தொனி. கைம்பெண்களைக் கவனிக்காமல் விடாதே. சபையில் உள்ள ஒவ்வொருவரையும் பேர் சொல்லித் தேடு. அடிமைகளை இழிவாக நடத்தாதே. நல்ல சீடர்களை மட்டும் நேசித்தால் அதில் உனக்கு என்ன பெருமை, தொல்லை தருபவர்களைக் கனிவால் வழிக்குக் கொண்டுவா. சம்மட்டி அடி விழும் பட்டடை போல் உறுதியாக நில். இதில் புதுமை எதுவும் கிடையாது. ஒரு சின்னச் சபையை நடத்தும் ஒருவரின் அன்றாடச் சிக்கல்கள் மட்டுமே இருக்கின்றன. அதனால்தான் எனக்கு இந்தக் கடிதம் இவ்வளவு முக்கியம். அவர் அப்போதே ஆயர் என்பது இதிலிருந்து தெரிகிறது. அவர் இறந்தது இதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து. சில மணி நேரச் சாவுக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் மனிதர், நாற்பது ஆண்டுக்காலம் கைம்பெண்கள் பட்டியலும் கணக்குவழக்கும் பார்த்தவர்.

இரண்டாவது, பொலிகார்ப்பே பிலிப்பி நகரச் சபைக்கு எழுதிய கடிதம். இஞ்ஞாசியார் தங்கள் ஊர் வழியாகப் போனதும், அவருடைய கடிதங்களின் பிரதி வேண்டும் என்று பிலிப்பியர் கேட்டிருக்கிறார்கள். தன்னிடம் இருந்தவற்றை இணைத்து அனுப்புகிறார் பொலிகார்ப்பு. இதன் கிரேக்க மூலம் முழுவதும் கிடைக்கவில்லை. ஒன்பதாம் அதிகாரத்தோடு கிரேக்கப் பிரதிகள் நின்றுவிடுகின்றன. மீதிக்கு லத்தீன் மொழிபெயர்ப்பையும், யூசேபியுஸ் எடுத்தாண்ட பகுதியையும்தான் நம்ப வேண்டும். ஓரிடத்தில் இஞ்ஞாசியார் ஏற்கெனவே மறைசாட்சியாகிவிட்டது போலவும், பின்னால் அவரைப் பற்றிய செய்தி எதிர்பார்ப்பது போலவும் வருவதால், இரண்டு கடிதங்கள் ஒட்டிப்போயிருக்கின்றன என்று 1936-ல் பி. என். ஹாரிசன் வாதிட்டார். அதை ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. கடிதம் பொலிகார்ப்பினுடையது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. கி.பி. 180 வாக்கில், பொலிகார்ப்பைச் சிறுவயதில் நேரில் கேட்ட இரனேயுஸ் இந்தக் கடிதத்தைக் குறிப்பிட்டு, விரும்புகிறவர்கள் வாசித்துக்கொள்ளலாம் என்கிறார்.

இந்தக் கடிதத்தில் ஒரு பகுதியை மறையுரைகளில் நான் கேட்டதே இல்லை. பிலிப்பியில் வாலன்ஸ் என்ற மூப்பர் பணத்தாசையில் விழுந்துவிட்டார். அவர் மனைவியும் உடந்தை. என்ன செய்தார் என்று விவரம் இல்லை. சபைப் பணத்தில் கைவைத்தார் என்பதுதான் பொருத்தமான ஊகம். பொலிகார்ப்பு மிகவும் வருந்துகிறேன் என்கிறார், பண ஆசையை விட்டு விலகுங்கள் என்று எச்சரிக்கிறார். அடுத்த வரியிலேயே, அவர்களைப் பகைவர்களாக நினைக்காதீர்கள், நோயுற்ற, வழிதவறிய உறுப்புகளாக எண்ணித் திரும்ப அழையுங்கள், அப்போதுதான் உங்கள் உடல் முழுவதும் பிழைக்கும் என்று எழுதுகிறார். இதே மனிதர் கொள்கை விஷயத்தில் மிகக் கடுமையானவர். இயேசு கிறிஸ்து மெய்யான உடலோடு வந்தார் என்பதை மறுப்பவன் அந்திக்கிறிஸ்து என்றும், உயிர்ப்பும் தீர்ப்பும் இல்லை என்பவன் சாத்தானின் தலைப்பிள்ளை என்றும் இதே கடிதத்தில் சொல்கிறார். பணத்தில் தவறியவரிடம் அந்த இரக்கம், கொள்கையில் பிறழ்ந்தவரிடம் இந்தச் சீற்றம். இரண்டும் ஒரே பேனாவிலிருந்து வருகின்றன. வாழ்ந்த மனிதரைச் சந்திப்பது போன்ற உணர்வு எனக்கு இங்கேதான் வருகிறது.

இப்போது யோவானுக்கு வருவோம். இதற்கு ஆதாரம் மூன்றாவது சாட்சியான இரனேயுஸ். பிற்காலத்தில் இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரின் ஆயரானவர், சிறுவயதில் சிமிர்னாவும் எபேசும் அடங்கிய ஆசியா என்ற ரோமை மாநிலத்தில் இருந்தவர். பழைய நண்பர் புளோரினுஸ் தவறான கொள்கையில் சேர்ந்துவிட்டதைக் கண்டு அவருக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை யூசேபியுஸ் காப்பாற்றி வைத்திருக்கிறார். அண்மையில் நடந்தவற்றைவிட அந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன என்று தொடங்குகிறார் இரனேயுஸ். பொலிகார்ப்பு உட்கார்ந்து பேசும் இடம், அவர் வருவதும் போவதும், அவர் தோற்றம், மக்களிடம் பேசிய பேச்சு, யோவானோடும் ஆண்டவரைக் கண்ட மற்றவர்களோடும் தாம் பழகியதை அவர் எடுத்துச் சொன்ன விதம், எல்லாம் சொல்ல முடியும் என்கிறார். இவற்றைத் தாளில் எழுதவில்லை, நெஞ்சில் எழுதிக்கொண்டேன் என்கிறார். புளோரினுஸும் அந்தக் காலத்தில் பொலிகார்ப்பிடம் இருந்தவர். பொய் சொன்னால் உடனே மறுத்திருக்கக் கூடியவருக்குத்தான் இதை எழுதுகிறார். எனவே, பொலிகார்ப்பு யோவான் என்ற ஒருவரோடு பழகியதைப் பற்றிப் பேசியதுண்டு என்பதைத் தயங்காமல் ஏற்கலாம்.

எந்த யோவான் என்பதில்தான் சிக்கல். அதே காலத்தவரான ஹியராப்போலிஸ் ஆயர் பப்பியாஸ் இரண்டு யோவான்களைப் பற்றிப் பேசுகிறார்: ஒருவர் திருத்தூதர், இன்னொருவர் மூப்பர் யோவான். பப்பியாஸ் விஷயத்தில் இரனேயுஸ் குழப்பிக்கொண்டார் என்பதை யூசேபியுஸே, பப்பியாஸின் சொந்த முன்னுரையைக் காட்டி நிறுவுகிறார். அதே குழப்பம் பொலிகார்ப்பு விஷயத்திலும் நேர்ந்திருக்கலாம் என்று பலர் கருதுவதற்குக் காரணம் அதுதான். இன்னொன்றும் உண்டு. பொலிகார்ப்பு தம் கடிதத்தில் பவுலைப் பலமுறை பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். யோவானின் முதல் திருமுகத்தின் சொற்கள் ஏறக்குறைய அப்படியே ஓரிடத்தில் வருகின்றன. ஆனால் யோவான் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. பவுல் நிறுவிய சபைக்கு எழுதும்போது பவுலைச் சொல்வது இயல்பு என்று பதில் சொல்லலாம், நியாயமான பதில்தான். காலக் கணக்கும் இடம் கொடுக்கிறது. யோவான் டிராஜன் காலம் வரை எபேசில் வாழ்ந்தார் என்பது இரனேயுஸின் கூற்று. அது சரியென்றால் அப்போது பொலிகார்ப்புக்குச் சுமார் முப்பது வயது. எபேசும் சிமிர்னாவும் ஓரிரு நாள் நடைத் தூரம். என் முடிவு: ஆண்டவரைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்த ஒரு யோவானிடம் அவர் கேட்டுக் கற்றார் என்பது உறுதி. அந்த யோவான் செபதேயுவின் மகனான திருத்தூதர்தான் என்பது நடந்திருக்கக் கூடியது, ஆனால் நிறுவப்படாதது. யோவானே அவரை ஆயராக நியமித்தார் என்பது பழைய லத்தீன் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்தூலியனிடம் வருகிறது. அது வாதத்துக்காக இறுக்கிச் சொன்ன வடிவம் என்பதால் நான் அதிகம் சாய மாட்டேன்.

முதிர்ந்த வயதில் அவர் ரோமுக்குப் போனதும் இரனேயுஸ் தரும் செய்திதான், நம்பத்தக்கது. ஆசியாவின் சபைகள் யூத மாதமான நிசான் 14-ஆம் நாளைப் பாஸ்காவாகக் கொண்டாடின, அது எந்தக் கிழமையில் வந்தாலும். ரோமில் அப்படி இல்லை. ஆயர் அனிசேட்டுஸும் பொலிகார்ப்பும் உட்கார்ந்து பேசினார்கள். இவர் யோவானோடும் மற்றத் திருத்தூதரோடும் கடைப்பிடித்ததை விடமாட்டேன் என்றார். அவர் தமக்கு முன்னிருந்த மூப்பர்களின் வழக்கத்தை விடமாட்டேன் என்றார். ஒருவரை ஒருவர் இணங்க வைக்க முடியவில்லை. அனிசேட்டுஸ் மரியாதையாக, தம் சபையில் நற்கருணை நிறைவேற்றும் இடத்தைப் பொலிகார்ப்புக்கு விட்டுக்கொடுத்தார். சமாதானமாகப் பிரிந்தார்கள். ஒரு தலைமுறைக்குப் பிறகு ரோம் ஆயர் விக்டர் இதே காரணத்துக்காக ஆசியச் சபைகளை வெட்டிவிட முயன்றபோது, இந்தச் சந்திப்பை நினைவூட்டித்தான் இரனேயுஸ் அவருக்கு எழுதினார்.

இனி நீங்கள் கேட்ட சாவு. சிமிர்னா சபை பிரீகியாவில் இருந்த பிலோமேலியும் சபைக்கு எழுதிய கடிதம் இது. விவிலியத்துக்கு வெளியே மறைசாட்சி ஒருவரின் சாவை விவரிக்கும் நூல்களில் மிகப் பழையது என்று பெரும்பாலோர் கருதுவது. புறாவுக்கு நேராகப் போகாமல் தொடக்கத்திலிருந்து வாசித்தால் வேறொரு கதை தெரியும். ஏற்கெனவே சிலர் அரங்கில் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஜெர்மானிக்குஸ் என்ற இளைஞர் விலங்கைத் தம்மீது தாமே இழுத்துக்கொண்டார். கூட்டம் வெறிகொண்டு "நாத்திகர்கள் ஒழிக, பொலிகார்ப்பைத் தேடுங்கள்" என்று கத்துகிறது. ரோமையரின் தெய்வங்களை வணங்காததால் கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்த பெயர் அது. பொலிகார்ப்பு என்ன செய்தார்? முதலில் நகரிலேயே இருக்க விரும்பினார். மற்றவர்கள் வற்புறுத்தவே ஒரு பண்ணை வீட்டுக்குப் போனார். தேடி வருகிறார்கள் என்றதும் இன்னொரு பண்ணைக்கு மாறினார். அதாவது, ஒளிந்தார். கடிதம் இதை மறைக்கவில்லை. குயிந்துஸ் என்ற பிரீகியர் தானும் முன்வந்து சரணடைந்து, மற்றவர்களையும் தூண்டிவிட்டார். விலங்குகளைக் கண்டதும் நடுங்கிப்போய், ஆளுநர் சொன்னபடி சத்தியம் செய்து பலியிட்டுவிட்டார். "ஆகவே, தாங்களாகவே போய் ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை, நற்செய்தி அப்படிக் கற்பிக்கவில்லை" என்று எழுதுகிறார்கள். பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். சாவைத் தேடி ஓடியவர் என்ற பிம்பத்தை அவருடைய சபையே ஏற்கவில்லை.

பிடிபட்ட விதமும் மனித வாடையோடு இருக்கிறது. வீட்டு அடிமைச் சிறுவர்கள் இருவரைப் பிடித்து, ஒருவனைச் சித்திரவதை செய்து இடத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஆயுதங்களோடு வருகிறார்கள். அப்போதும் வேறிடம் தப்பியிருக்கலாம். போதும், இறைவன் திருவுளம் நடக்கட்டும் என்றுவிட்டார். மாடியிலிருந்து இறங்கி வந்து, வந்தவர்களுக்குச் சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்கச் சொல்கிறார். செபிக்க ஒரு மணி நேரம் கேட்டு, இரண்டு மணி நேரம் நின்று செபிக்கிறார். கழுதையில் ஏற்றி நகருக்குக் கொண்டு போகும் வழியில் காவல் தலைவர் ஏரோதும் அவர் தந்தை நிக்கேத்தஸும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, "சீசரே ஆண்டவர் என்று சொல்லித் தூபம் போடுவதில் என்ன கெட்டுவிடும்?" என்று நயமாகப் பேசுகிறார்கள். மசியவில்லை என்றதும் இறக்கிவிடும் அவசரத்தில் தள்ளிவிட, முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் சிராய்த்துக்கொள்கிறது. நிக்கேத்தஸ், ஆல்கே என்ற பெண்ணின் சகோதரர் என்றும் கடிதம் போகிறபோக்கில் குறிப்பிடுகிறது. ஆல்கே யார் என்று விளக்கம் இல்லை. ஊருக்குத் தெரிந்த பெயர் போலும். இஞ்ஞாசியார் சிமிர்னாவுக்கும் பொலிகார்ப்புக்கும் எழுதிய இரு கடிதங்களிலும் ஆல்கே என்ற பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்கிறார். ஒரே ஆளா என்பது வேறு கேள்வி, ஆனால் இத்தகைய தேவையற்ற விவரங்களைக் கட்டுக்கதை எழுதுபவர்கள் பொதுவாகச் சேர்ப்பதில்லை.

அரங்கில் ஆளுநர் இரக்கமாகவே தொடங்குகிறார்: உன் வயதை நினைத்துப் பார், சீசரின் பேரால் சத்தியம் செய், "நாத்திகர்கள் ஒழிக" என்று சொல். பொலிகார்ப்பு கூட்டத்தை நோக்கிக் கையை அசைத்து, பெருமூச்சு விட்டு, வானத்தைப் பார்த்து "நாத்திகர்கள் ஒழிக" என்கிறார். கிறிஸ்துவைப் பழித்துச் சொல் என்றதும் வருகிறது அந்தப் புகழ்பெற்ற பதில்: "எண்பத்தாறு ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்திருக்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. என்னை மீட்ட என் அரசரை நான் எப்படிப் பழிப்பேன்?" கவனியுங்கள், எனக்கு எண்பத்தாறு வயது என்று அவர் சொல்லவில்லை. கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்றால் இது வயதாகவே இருக்கலாம். பிற்பாடு திருமுழுக்குப் பெற்றவர் என்றால் வயது இன்னும் கூடும். குழந்தைத் திருமுழுக்கு வாதங்களில் இருதரப்பும் இந்த வாக்கியத்தை இழுப்பதுண்டு. அவ்வளவு பாரத்தை அது தாங்காது. குறைந்தது 86 என்று சொல்லுங்கள், சரியாக இருக்கும்.

சிங்கத்தை அவிழ்த்துவிடச் சொல்லிக் கூட்டம் கேட்கிறது; விலங்கு விளையாட்டுகள் முடிந்துவிட்டன, விதி இடம் தராது என்று ஆசியார்க், அதாவது மாநில விழாக்களை நடத்தும் அதிகாரியாகிய பிலிப்பு மறுக்கிறார். பிறகுதான் எரிக்கச் சொல்கிறார்கள். பட்டறைகளிலிருந்தும் குளியலகங்களிலிருந்தும் விறகு சேர்க்கிறார்கள். ஆணி அடிக்க வேண்டாம், அசையாமல் நிற்க வலுக் கொடுப்பவர் கொடுப்பார் என்று அவர் சொல்ல, கட்டி மட்டும் வைக்கிறார்கள். தீ மூட்டியதும், காற்றில் புடைத்த கப்பல் பாய் போல் தழல் அவரைச் சுற்றி வளைந்து நின்றது, வேகும் அப்பம் போலவும் உலையில் புடமிடும் பொன், வெள்ளி போலவும் அவர் உள்ளே தெரிந்தார், சாம்பிராணி போல் நறுமணம் வந்தது என்கிறது கடிதம். உடல் எரியவில்லை என்று கண்டு, கொலைத்தொழிலாளியை அழைத்துக் கத்தியால் குத்தச் சொல்கிறார்கள். அரங்கில் காயம்பட்ட விலங்குகளைக் கொன்று முடிப்பவன் அவன். "ஒரு புறாவும் திரளான இரத்தமும்" வெளியேறித் தீ அணைந்தது.

இங்கே சான்றுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்மிடம் உள்ள கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் பத்தாம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்தவை. யூசேபியுஸோ நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவற்றுக்கு அறுநூறு ஆண்டு முந்தைய பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைச் சொல்லுக்குச் சொல் எடுத்தெழுதுகிறார். அவரிடம் பாய் போன்ற தழல் இருக்கிறது, நறுமணம் இருக்கிறது, தீயை அணைத்த இரத்தம் இருக்கிறது. புறா இல்லை. அதிசயங்களை வெட்டிவிடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எனவே புறா பின்னால் நுழைந்தது என்பதே மிகப் பெரும்பாலோரின் முடிவு, என் முடிவும் அதுதான். எங்கிருந்து வந்தது? பொலிகார்ப்பின் வரலாறு என்று பிற்காலத்தில் எழுதப்பட்ட ஒரு நூலில், அவர் ஆயராகத் திருப்பொழிவு பெற்றபோதும் தலையைச் சுற்றி ஒரு புறா தெரிந்ததாக வருகிறது. அதை எழுதிய கையே இதையும் சேர்த்திருக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டு அறிஞர் லைட்ஃபுட் கருதினார். அந்தக் காலத்து மக்களுக்கு இந்தப் படிமம் பழக்கமானது. பேரரசர்களின் சிதையிலிருந்து கழுகைப் பறக்கவிடும் வழக்கம் ரோமில் இருந்தது. எழுத்தாளர் லூசியன், 165 வாக்கில் ஒலிம்பியாவில் தீக்குளித்த பெரெக்ரினுஸ் என்பவரைப் பற்றி எழுதும்போது, தீயிலிருந்து ஒரு பிணந்தின்னிக் கழுகு எழுந்து பறந்ததாகத் தானே சும்மா ஒரு கதை கட்டிவிட்டதாகவும், கொஞ்ச நேரத்தில் ஒரு முதியவர் அதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்ததாகவும் குறிப்பிடுகிறார்.

தழல் விஷயம் அவ்வளவு எளிதல்ல. அது முதலிலிருந்தே கடிதத்தில் இருக்கிறது, எழுதியவர்கள் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார்கள். ஆனால் "காணும் பேறு அருளப்பட்ட நாங்கள் கண்டோம்" என்று ஓர் எல்லையும் வைக்கிறார்கள். அரங்கில் கேட்ட வானக் குரலுக்கும் இப்படித்தான்: பேசியவரை யாரும் காணவில்லை, அங்கிருந்த நம்மவர்கள் குரலைக் கேட்டார்கள் என்கிறார்கள். அவசரத்தில் குவித்த விறகு, காற்று வெளிப்புறமாக அடித்திருந்தால் தழல் விலகி நிற்கும். தீ வேலையை முடிக்கவில்லை, கத்தியால் முடித்தார்கள் என்பது நடந்த செய்தியாகவே எனக்குப் படுகிறது. அந்தக் காட்சியை அவரை நேசித்தவர்கள் பலி என்றும் அப்பம் என்றும் கண்டார்கள். அது புதுமையா என்பதற்கு வரலாற்று முறை பதில் சொல்லாது. அது விசுவாசத்தின் கேள்வி, நான் விசுவாசி என்பதால் அதை இழிவாகச் சொல்லவில்லை.

கடிதம் முழுவதையுமே சந்தேகிப்பவர்களும் உண்டு, அவர்கள் வாதம் அற்பமானதல்ல. ஏரோது என்ற பெயர், வீட்டாரே காட்டிக்கொடுத்தல், மாடி அறை, வெள்ளிக்கிழமை, கழுதை, எல்லாம் ஆண்டவரின் பாடுகளோடு ஒத்துப்போகின்றன. நற்செய்திக்கு ஏற்றபடி நடந்தது என்று கடிதமே பெருமையாகச் சொல்கிறது. 1957-ல் ஹான்ஸ் ஃபொன் காம்பென்ஹவுசன், மூலக் கடிதத்தின் மேல் பலர் கைவைத்திருக்கிறார்கள் என்றார். 2010-ல் கேண்டிடா மோஸ், இன்றைய வடிவம் மூன்றாம் நூற்றாண்டினது என்று வாதிட்டார். விசாரணை ஆளுநரின் நீதி மேடையில் நடக்காமல் அரங்கில் நடக்கிறது, முறையான தீர்ப்பு பதிவாகவில்லை, மறைசாட்சியின் எலும்புகளைச் சேகரித்துப் போற்றும் அக்கறை இவ்வளவு முன்பே இருந்திருக்குமா என்பவை அவருடைய கேள்விகளில் சில. கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்கக் கூடாது என்று டிராஜன் 112 வாக்கில் ஆளுநர் பிளினிக்கு எழுதியதும் நினைவில் இருக்க வேண்டியதே. இருந்தாலும், மாநில ஆளுநர்கள் கூட்டத்தின் கூச்சலுக்குப் பணிந்துபோவது நடக்காத விஷயமல்ல. கூச்சலை ஏற்றுக் கிறிஸ்தவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று அடுத்த பேரரசர் ஹேட்ரியன் ஆசியா ஆளுநருக்கே எழுத வேண்டியிருந்தது என்றால், அப்படி நடந்தது என்றுதானே பொருள். சட்டகமும் பண்ணை வீட்டு விவரங்களும் பழையவை, சில வரிகள் பின்னால் ஏறியவை என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரு பகுதியை மட்டும் வகுப்பில் எச்சரிக்கையோடு கையாளுங்கள். விறகு சேர்ப்பதில் யூதர்கள் "வழக்கம் போல" முந்தி நின்றார்கள் என்கிறது கடிதம். அதே கடிதம் அந்த நாளைப் பெரிய ஓய்வுநாள் என்கிறது. ஓய்வுநாளில் யூதர்கள் விறகு சுமந்தார்கள் என்பது எளிதில் ஒட்டவில்லை. சிமிர்னாவில் இரு சமூகங்களுக்கும் கசப்பு இருந்தது திருவெளிப்பாடு நூலிலேயே தெரிகிறது. அந்தக் கசப்பும், பாடுகளின் கதையைப் பின்பற்றும் ஆசையும் சேர்ந்து எழுதவைத்த வரி என்றே நான் வாசிக்கிறேன். இத்தகைய வரிகள் பின்னால் எத்தனை பேரின் உயிரைக் குடித்தன என்பது நமக்குத் தெரியும். அதைச் செய்தியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

தேதிக்கு: கடிதத்தின் 21-ஆம் அதிகாரம் நாளைப் பிப்ரவரி 23 என்றும், ஆளுநர் ஸ்தாத்தியுஸ் குவாத்ராத்துஸ் என்றும் தருகிறது. இது பின்சேர்க்கையாக இருக்கலாம், ஆனால் பெயர் வெறும் கற்பனை இல்லை. குவாத்ராத்துஸ் 142-ல் ரோமின் கான்சல் என்னும் உயர் அதிகாரி. அதிலிருந்து பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகளில் ஆசியாவின் ஆளுநராவது அக்காலத்து வழக்கம். 155 பிப்ரவரி 23 சனிக்கிழமை. எனவே 155 அல்லது 156 என்பதே இன்று அதிகம் ஏற்கப்படுவது. யூசேபியுஸ் இதை மார்க்கஸ் அவுரேலியுஸ் காலத்தில், 167-ஐ ஒட்டி வைக்கிறார். அனிசேட்டுஸைச் சந்தித்த ரோம் பயணத்துக்கு அது வசதியாக இடம் விடுகிறது என்பதால் அதை ஆதரிப்பவர்களும் இருக்கிறார்கள். நம் ரோமைத் திருவழிபாட்டு நாட்காட்டியில் நெடுங்காலம் ஜனவரி 26-ல் இருந்த நினைவு, 1969 சீர்திருத்தத்தில்தான் பிப்ரவரி 23-க்கு வந்தது.

முன்பு சொன்ன அந்தப் பிற்கால வரலாறு, பியோனியுஸ் பெயரில் வழங்குவது, பத்தாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றில் மட்டும் பிழைத்திருக்கிறது. கல்லிஸ்தோ என்ற செல்வப் பெண் வானதூதரின் கனவுப்படி சிறுவன் பொலிகார்ப்பை அடிமையாக விலைக்கு வாங்கி வளர்த்தார், அவர் ஏழைகளுக்குக் கொடுத்துக் காலியாக்கிய களஞ்சியம் செபத்தால் மீண்டும் நிறைந்தது என்றெல்லாம் அதில் வரும். அழகான கதைகள், வரலாற்றுக்குப் பயன்படாதவை. ஒரே ஒரு விஷயம் கவனத்துக்குரியது: இவ்வளவு சொல்லும் அந்த நூலும் யோவானைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வகுப்புக்குப் போகும்முன் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. பிள்ளைகளிடம் பண்ணை வீடு, குயிந்துஸ், வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னது, விசாரணை, இவற்றை நடந்தவையாகவே சொல்லலாம். தழலைப் பற்றி, அங்கே நின்ற கிறிஸ்தவர்கள் அப்படிக் கண்டதாக எழுதி வைத்தார்கள் என்று சொல்லுங்கள். புறாவைப் பற்றிக் கேட்டால், நமக்குத் தெரிந்த மிகப் பழைய பிரதியில் அது இல்லை, பின்னால் வந்தவர்கள் அவர் ஆன்மாவைப் பற்றி நினைத்ததைப் படமாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று நேராகச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் அது புரியும்.